கட்டி இல்லை, கடன் உண்டு

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போய்வரும் எங்கள் காலனிப் பெண்ணுக்கு வயது 22. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. முகத்தில் முடி வளர்ந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவே என்னிடம் வந்து அழுதாள். “அக்கா, கட்டின்னா ஆபரேஷனா? எனக்குப் புள்ள பெறக்காதா?”

பயப்பட வேண்டியதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்தச் சிக்கலில் சினைப்பையில் தெரிபவை முழு வளர்ச்சி அடையாத சிறு முட்டைப் பைகள்தான், புற்றுக்கட்டி அல்ல. ஹார்மோன் சீர்கேடே அடிப்படை. சிகிச்சை எடுத்துக் குழந்தை பெற்றவர்கள் ஏராளம். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 70 சதவீதம் பேர் வரை அதை அறியாமலே இருக்கிறார்கள்.

செலவு ஒரு நாளில் முடிவதில்லை. ஸ்கேன், சர்க்கரை, தைராய்டு பரிசோதனை, மாத்திரை, பஸ் கட்டணம், போகிற நாளின் கூலி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவும். மாதாமாதம் வெளிநோயாளியாகப் போகிறவள் வட்டிக்குத்தான் வாங்குகிறாள். “எண்ணெயைக் குறை, தினமும் நட” என்கிறார்கள். நல்ல யோசனைதான். இரவு ஷிப்ட் முடித்துவந்து ரேஷன் அரிசி பொங்குகிறவள் எப்போது நடப்பாள்? காலனியைத் தாண்டி ஊர்த்தெரு வழியே தனியாக நடக்கும் நம் பெண்ணை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

மனபாரம் கணக்கில் வராத செலவு. பெண் பார்க்க வருகிறவர்களின் பார்வை, ‘மலடி’ என்ற சொல், கண்ணாடியைப் பார்க்கவே கூச்சம். இந்நோய் உள்ள எல்லாப் பெண்களிடமும் மனச்சோர்வு, பதற்றம் இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

ஆலைகளின் கதை வேறு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழகத்தின் ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலி என்றபோது பெயர் ஒட்டாத மாத்திரை கொடுத்தார்கள் என்று அனைவரும் சொன்னார்கள். வலியை அமுக்கினால் உற்பத்தி நிற்காது. உள்ளே இருக்கும் நோய் மட்டும் வெளியே தெரியாது.

2021 ஜனவரியில் ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, போராடிப் பெற்றது 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். பாலியல் சீண்டலைப் பயமின்றிப் புகார் சொல்ல அது வழி திறந்தது. அதே துணிச்சலோடு உடம்பையும் பேசுவோம்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால் வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் அதில் உண்டு. தகுதியிருந்தால் நோய்க்கால விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். மனம் கனத்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம், மாதவிலக்கு பற்றியும் கேட்கட்டும். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு ஆலைகள் கூலியைப் பிடிக்காதிருக்கட்டும்.

அந்தப் பெண்ணை அடுத்த வாரம் நானே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அழைத்துப் போகிறேன். அவள் கேட்டது ஒன்றே: “அங்கயாவது உக்கார வச்சுப் பேசுவாங்களா அக்கா?”