திசை மாறிய ஆறும் பிரிந்துபோன ஈயும்

மம்சாபுரத்து வயல் வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். அந்த மலைத்தொடரின் கீழ்ச் சரிவில் பெய்யும் மழை நம் பக்கம் இறங்குகிறது. மேற்குச் சரிவில் பெய்வது பெரியாற்றைச் சேர்கிறது. கேரளத்தை நோக்கி ஓடும் பெரியாற்று நீரில் ஒரு பகுதியை 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பினார் பென்னி குயிக். ஆற்றைத் திருப்பும் இந்த வேலையை ஆப்பிரிக்காவில் இயற்கையே செய்திருக்கிறது!

உகாண்டா நாட்டில் ஒரு காலத்தில் ஆறுகள் மேற்கு நோக்கி ஓடின. பின்னர் மேற்கு ஓரத்து நிலம் சிறிது சிறிதாக உயர்ந்தது. தட்டின் ஒரு விளிம்பைத் தூக்கினால் அதிலுள்ள ரசம் எந்தப் பக்கம் ஓடும்? கடோங்கா, கஃபு ஆறுகளின் நீரும் அப்படித்தான் வந்த வழியே திரும்பிற்று. பள்ளங்களில் தேங்கி விக்டோரியா, கியோகா ஏரிகளாயிற்று. இது நடந்து சுமார் 4 லட்சம் ஆண்டுகள் இருக்கலாம் என்று நிலவியலார் கணிக்கின்றனர். இன்றும் கடோங்காவின் நீர் ஒரே பள்ளத்தாக்கில் கிழக்கேயும் போகிறது, மேற்கேயும் போகிறது. நடுவில் கோரை மண்டிய சதுப்பு நிலம். வேடிக்கையான ஆறுதான்!

இந்த நீர்க்கரைகளின் நிழலில் வாழ்வது செட்சி ஈ. ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். நம் வீட்டு ஈயைப்போல் நூற்றுக்கணக்கில் முட்டையிடாது; ஒரு தடவைக்கு ஒரே ஒரு புழுவை வயிற்றிலேயே வளர்த்து ஈனும். கரையை விட்டு வெகுதூரம் போகாத இனம் இது.

இந்த ஈக்களின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. அம்மரபணு தாயிடமிருந்து மட்டுமே வருவதால், தாய்வழி வம்சத்தை அதைக்கொண்டு அறியலாம். கியோகா ஏரிக்கு வடக்கே ஒரு வம்சம், தெற்கே வேறொரு வம்சம்! ஏரியை ஒட்டிய குறுகிய பகுதியில் மட்டும் இரண்டும் கலந்திருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒரே ஈ. நிலம் சாய்ந்து உண்டான ஏரி, பூச்சியின் மரபணுவில் எல்லைக் கோடாக நிற்கிறது.

இதை ஏன் ஆராய வேண்டும்? செட்சி ஈ பரப்புவது உயிர்கொல்லியான தூக்க நோய். அதன் இரு வகைகளும் உள்ள ஒரே நாடு உகாண்டா. வடமேற்கில் மெதுவாக முற்றும் வகை, தென்கிழக்கில் விரைந்து கொல்லும் வகை. நெடுங்காலம் இரண்டுக்கும் மருத்துவம் வேறாக இருந்தது. ஒன்றாகக் கலந்துவிட்டால் மருத்துவர் திண்டாட வேண்டியிருக்குமே என்ற கவலை இருந்தது. பூச்சிமருந்து தோய்த்த நீலத் துணிகளைக் கரையோரம் நட்டு ஈக்களைக் கொல்கிறார்கள். ஓர் ஓடையில் ஒழித்தாலும் பக்கத்து ஓடையிலுள்ள உறவு ஈக்கள் வந்து குடியேறிவிடும். ஆகவே எந்தெந்த ஓடைகளில் ஒரே சமயத்தில் துணி நட வேண்டும் என்பதை மரபணுவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.