கசக்கி முகர்ந்தால் போதுமா?

கண்டியிலிருந்து மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போகும் வீதியை அண்டிய வீட்டுத் தோட்டங்களில் கராம்பு புதிய மரமல்ல. இலங்கையின் கராம்பில் பெரும்பகுதி கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில்தான் விளைகிறது. ஆனால் இன்னும் பூக்காத, செடியளவே உள்ள ஒரு கன்றைக் காட்டி இது கராம்புதானா என்று கேட்டால், பலரும் ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சோதனை இந்த ஊருக்குப் போதாது. கறுவா இலையைக் கசக்கிப் பார்த்தால் விளங்கும்: கறுவாப்பட்டையின் மணம் வராது, கராம்பின் மணமே வரும். யூஜெனோல் என்ற பொருள்தான் காரணம். கராம்பு மொட்டின் எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். கறுவா இலையின் எண்ணெயிலும் அப்படியே. ஓல்ஸ்பைஸ் மரத்தின் இலையிலும் அது நிறைய உண்டு. மூக்குக்கு யூஜெனோலைத் தெரியும். அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று தெரியாது. யூஜெனோல் என்ற பெயருக்கே ஒரு விசித்திரமான கதை இருக்கிறது. முன்னொரு காலத்தில் தாவரவியலாளர் கராம்பை யூஜீனியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். அது சவோய் இளவரசர் யூஜினின் நினைவாக இடப்பட்ட பெயர். யூஜெனோல் அதிலிருந்தே வந்தது. பிறகு கராம்பை அங்கிருந்து எடுத்து, நாவலும் ஜம்புவும் இருக்கும் சிசிஜியம் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். மரம் வீடு மாறியது, வாசனை மட்டும் பழைய விலாசத்தோடு நிற்கிறது.

அப்படியானால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தியதுபோல ஒளி கசியும் நுண்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கொய்யா, நாவல், யூக்கலிப்டஸ் எல்லாம் அடங்கிய மிர்ட்டேசியே குடும்பத்தின் முத்திரை அது. அடுத்தது நரம்பு. கராம்பு இலையில் நடுநரம்பிலிருந்து மெல்லிய பக்க நரம்புகள் நெருக்கமாகக் கிளம்பி, விளிம்பைத் தொடுமுன்பே ஒன்றோடொன்று கூடி, ஓரத்துக்கு இணையாக ஒரு கோடாக ஓடும். கறுவாவிலோ அடியிலிருந்தே தடித்த மூன்று நரம்புகள் நுனி நோக்கிப் போகும். அதைப் பார்த்தவுடனே சந்தேகம் தீர்ந்துவிடும். ஓல்ஸ்பைஸ்தான் கடினம், ஏனெனில் அதுவும் இதே குடும்பம். அதன் இளங்கொப்பு நாற்கோணமாக இருக்கும். வளர்ந்த மரத்தின் பட்டை மெல்லிய தாளாக உரியும். கராம்பின் தளிரில் ஓடும் இளஞ்சிவப்பையும் கூடவே பார்த்துக்கொண்டால் தவறு நேர வாய்ப்புக் குறைவு.

பாட்டிமார் முகர்ந்துதானே கண்டுபிடித்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் தங்கள் மரத்தடியில் விழுந்த பழத்திலிருந்து முளைத்த கன்றை நட்டார்கள். தாய் யார் என்பது முன்பே தெரியும், முகர்வது வெறும் உறுதிப்படுத்தல். இன்று கன்று பொலித்தீன் பையில், தாயின் பெயரின்றி வருகிறது. பூக்கும்போது தெரிந்துவிடுமே என்பாரும் உண்டு. கராம்பு பூக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை தவறான மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யாருக்கு நல்லது? விதையை உலர்த்திப் பொட்டலம் கட்டி வைத்து, முளைக்கவில்லை என்று நொந்துகொள்வதும் இதே அறியாமையின் இன்னொரு முகம். காய்ந்தால் கராம்பு விதை செத்துவிடும். கருஊதா நிறத்தில் பழுத்ததை எடுத்து, சதையை நீக்கி, ஓரிரு நாட்களுக்குள் ஈரமண்ணில் போட வேண்டும். நாற்றுக்கு நிழல் வேண்டும், மண்ணில் நீர் தேங்கக் கூடாது. மஹய்யாவ போன்ற நெருக்கமான குடியிருப்பில் இதற்கு இடமேது என்ற கேள்வி நியாயமானது. வெட்டி வெட்டிச் செடியாகவே வைத்திருக்கலாமே என்றால், மொட்டு கொப்பின் நுனியில் வருவதால் வெட்டுகிறவருக்கு இலை மிஞ்சும், மொட்டு மிஞ்சாது. இடமில்லாதவர் கறிவேப்பிலை வைப்பதே மேல்.

இந்த நுனி விஷயத்தை அறுவடையின்போது மறந்துவிடுவதுதான் மிகவும் வருத்துகிறது. எவ்வளவு தொலைவிலிருந்து வந்த பொருள் இது! மன்னாரின் மாந்தைத் துறைமுக அகழ்வில் ஒரே ஒரு கராம்பு மொட்டு கிடைத்தது, அது கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. அன்று கராம்பு விளைந்த இடம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். பெருங்கடலைத் தாண்டி வந்த அந்தப் பொருள் இன்று குசினிக்குப் பின்னாலேயே மொட்டு விடுகிறது, நாமோ ஏறிப் பறிக்கச் சோம்பிக் கொப்போடு முறித்துப் போடுகிறோம். முறிந்த கொப்போடு அடுத்த பருவங்களில் மொட்டு வரவேண்டிய நுனிகளும் போகின்றன. பச்சை மாறி மொட்டுச் சிவக்கத் தொடங்கும்போது, இதழ் விரியுமுன், ஏணி வைத்துக் கொத்துக் கொத்தாகக் கையால் கிள்ளினால் போதும். வெயிலில் சில நாட்கள் காய்ந்தபின் மூன்று கிலோ மொட்டு ஏறக்குறைய ஒரு கிலோவாகிவிடும்.