ஃபுலானிப் பெண்களின் கூந்தல்: வழக்கமும் மார்க்கமும்

நடுவகிட்டின் இருபுறமும் மெல்லிய சடைகள், அவற்றின் நுனியில் வெள்ளி நாணயங்கள், நெற்றியோரம் தேன்நிற மணிகள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானிப் பெண்களை இந்தக் கோலத்தில் படங்களில் பார்க்கும் நம்மில் சிலருக்கு உடனே ஒரு கேள்வி எழுகிறது: "இவர்களும் முஸ்லிம்கள்தானா?"

ஆம், அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே. செனகல், கினியா, மாலி, நைஜர், நைஜீரியா, கேமரூன் எனப் பல நாடுகளில் பரவி வாழும் இம்மக்களின் பாரம்பரியத் தொழில் கால்நடை வளர்ப்பு. அப்பகுதியில் இஸ்லாமியக் கல்வி வேரூன்ற அவர்களின் அறிஞர்கள் பெரும்பங்கு ஆற்றியுள்ளனர். 1804இல் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கி, சொகோட்டோ கிலாஃபத்துக்கு அடித்தளமிட்ட ஷைகு உஸ்மான் தான் ஃபோடியோவும் ஃபுலானி இனத்தவரே.

அவர்களின் கூந்தல் அலங்காரம் ஊருக்கு ஊர் மாறும். ஓரிடத்தில் சில சடைகள் பின்னால் செல்ல, இரண்டு மட்டும் காதோரம் தொங்கும் அல்லது வளைத்துக் கட்டப்படும். நைஜரின் வொடாபே பிரிவுப் பெண்கள் முன்கூந்தலைத் திரட்டி நெற்றிக்கு மேல் கொண்டையாக முடிவார்கள். கினியாவின் ஃபூட்டா ஜலோன் மலைநாட்டில், தலையின் நடுவே கூந்தலை விசிறிபோல் உயர்த்திக் கட்டும் 'ஜுபாதே' அலங்காரம் புகழ்பெற்றது. பல பகுதிகளில், பார்த்தவுடனே ஒரு பெண்ணின் வயதையும் அவளுக்கு மணமாகிவிட்டதா என்பதையும் சடையே சொல்லிவிடும்.

சடையில் கோக்கும் பொருட்களுக்கும் மதிப்புண்டு. மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பர் மணிகளும், வெள்ளி நாணயங்களும், சோழிகளும் தாயிடமிருந்து மகளுக்குச் சேரும். மேய்ச்சலுக்காக இடம் மாறும் குடும்பத்தில், ஒரு பெண் தன்னோடு எடுத்துச் செல்லக்கூடிய சொந்தச் செல்வம் அது.

இனி மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம். சடை பின்னுவதில் தவறில்லை. கடமையான குளிப்புக்காகச் சடையை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டபோது, வேண்டியதில்லை, தலையில் மூன்று முறை நீர் ஊற்றினால் போதும் என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். நபியவர்களின் மகள் வஃபாத்தானபோது, ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்கள் கூந்தலை மூன்று சடைகளாகப் பின்னியதை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். ஃபுலானிகள் பின்பற்றும் மாலிகி மத்ஹபில், உளூவின்போது தலை முழுவதையும் மஸ்ஹு செய்வது கடமை. ஆனால் அதற்காகப் பெண்கள் சடையை அவிழ்க்க வேண்டியதில்லை.

அந்நிய ஆண்கள் முன் கூந்தலை மறைப்பது தனிச் சட்டம். அது அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே. அதைப் பேணுவதில் சிலரிடம் குறை இருக்கலாம். அந்தக் குறை நம் சமூகத்திலும் உண்டு. அதற்காகப் பின்னும் வழக்கத்தையே மார்க்கத்துக்கு முரண் என்று சொல்லிவிட முடியாது. மார்க்கத்தோடு மோதாத ஊர் வழக்கத்துக்கு ஃபிக்ஹு சட்டத்தில் உரிய இடம் உண்டு.

வழக்கத்தை எப்படி அணுகுவது என்பதற்கு உஸ்மான் தான் ஃபோடியோவின் மகள் நானா அஸ்மாவு (1793–1864) நல்ல முன்மாதிரி. கவிஞரும் ஆசிரியருமான அவர், கிராமப் பெண்களுக்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பினார். அவர்களுக்கு அடையாளமாக அவர் வழங்கியது 'மல்ஃபா' என்ற வைக்கோல் தொப்பி. முன்பு அது இஸ்லாத்துக்கு முந்தைய ஆவி வழிபாட்டின் பெண் தலைவிக்கு உரியதாக இருந்தது. அவர் அதைத் தூக்கி எறியாமல், கல்வியின் சின்னமாக மாற்றினார்.

இன்று 'ஃபுலானி சடை' உலகெங்கும் அழகு நிலையங்களில் பின்னப்படுகிறது. ஆனால் அந்தப் பெயர் ஒரு முஸ்லிம் சமூகத்துக்கு உரியது என்பது பின்னிக்கொள்ளும் பலருக்குத் தெரியாது. அவர்களைப் படத்தில் பார்க்கும் நமக்கும் தெரியாமல் போவதுதான் வருத்தம்.

மனிதர்களைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்கிறது குர்ஆன். அடுத்த முறை இப்படியொரு படத்தைப் பிள்ளைகள் காட்டிக் கேட்டால், "அவர்கள் நம் சகோதரிகள்" என்று தொடங்கி, நானா அஸ்மாவுவின் வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்வோம்.