வயிறு உருவான பிறகே உலர் தீவனம்

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் நுண்குஞ்சு பொரித்த இரண்டு மூன்று நாளில் இரை தேடத் தொடங்குகிறது. தண்ணீர் 27, 28 டிகிரி இருந்தால் அதற்குள் மஞ்சள் கரு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில் அதற்குக் கணையம் உண்டு, குடல் உண்டு. செரிக்கும் வயிறு கிடையாது. புரதத்தை வெட்டும் வேலை முழுவதும் கணையத்தின் டிரிப்சின் போன்ற நொதிகளின் தலையில். அவற்றால் முடியாததைப் பின்குடலின் செல்கள் அப்படியே விழுங்கி, தம் உள்ளே வைத்துச் செரிக்கின்றன. வயிற்றில் அமிலம் சுரந்து பெப்சின் என்ற நொதி வேலை செய்ய, இரையெடுக்கத் தொடங்கி இன்னும் நாலைந்து நாள் ஆகும். பொரிப்பகங்கள் உயிர் உணவிலிருந்து உலர் தீவனத்துக்கு மாறும் நாளை இந்த வயிறுதான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம்.

பொரிப்பகங்கள் கொடுக்கும் உயிர் உணவு ஆர்டீமியா என்ற நுண் இறால். 'ஆர்டீமியா தன் நொதிகளையும் சேர்த்துக் கொடுக்கிறது, அதனால்தான் குஞ்சு வளர்கிறது' என்ற விளக்கம் நெடுங்காலமாக உண்டு. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் இதே கெளுத்திக்கு ஓடு நீக்கிய ஆர்டீமியா முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் இருந்த புரதச் செரிமானத் திறனில் இரையின் பங்கு மிகச் சொற்பம். வெட்டுவது குஞ்சின் சொந்த நொதிதான். ஆர்டீமியாவின் பலம் அதன் புரதத்தில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி எளிதில் கரையும், டிரிப்சினுக்கு உடனே வசப்படும். சூடுபட்டுத் தயாரான மீன்தூள் புரதம் அப்படியில்லை. கரையும் சத்துகளோ பொடித் தீவனத்திலிருந்து தண்ணீருக்குக் கசிந்துவிடுகின்றன.

டிரிப்சின் முதல் நாளிலிருந்தே இருக்கிறதே, தீவனத்தை அப்போதே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். நொதி இருப்பதும் அது இந்தத் தீவனத்துக்குப் போதுமானதாக இருப்பதும் ஒன்றல்ல. அளவீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. உடற்புரதத்தின் ஒரு மில்லிகிராமுக்கு இவ்வளவு நொதி என்றே பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். குஞ்சு தசை போடும்போது வகுக்கும் எண் பெருக்கிறது, நொதி குறைந்ததுபோல் தெரிகிறது. குடல் பலவீனமானதாக அதைப் படிப்பது தவறு. தீவனம் குஞ்சுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க அளக்கும் வளர்ச்சி மரபணுக்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பட்டினி கிடக்கும் மீன்கள் பலவற்றில் பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறது. அதன் கட்டளைப்படி கல்லீரல் சுரக்க வேண்டிய இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 இறங்குகிறது. ஹார்மோன் மரபணுவின் துடிப்பை மட்டும் பார்த்து 'நன்றாக வளர்கிறது' என்று எழுதினால் பசியை வளர்ச்சி என்று எழுதியதாகிவிடும். போதாததற்கு, உறுப்புகளைப் பிரிக்க முடியாத அளவு சிறிய உடல் என்பதால் முழுக் குஞ்சையும் அரைத்தே ஆர்என்ஏ எடுப்பது வழக்கம்; எந்த உறுப்பின் துடிப்பு என்று பிரித்தறிய முடியாது. ஆகவே மரபணு அளவீட்டை எடையோடும், குடலின் திசு வெட்டுகளோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பொரிப்பகத்தில் யார் மரபணு அளப்பது என்பது நியாயமான கேள்வி. அங்கே அளக்கத் தேவையில்லை. ஆய்வகம் ஒருமுறை வயிறு முழுமை பெறும் உடல் நீளத்தைக் கண்டுவிட்டால், பண்ணைக்காரருக்கு அளவுகோலும் வெப்பமானியும் போதும். குளிர்ந்த தண்ணீரில் நாட்கணக்கு தள்ளிப்போகும் என்பதால் நாளைவிட நீளமே நம்பகமானது. அவசரப்பட்டு மாற்றினால் சில குஞ்சுகள் தேங்கி, சில முந்தும். முந்தியவை பின்தங்கியவற்றைத் தின்னும்.

பிகாரின் மாநில மீனான மாகூர் கெளுத்திக்கு, மாற்றும் நாளை வயிற்றை வைத்துத் தீர்மானிப்பது இன்னும் முக்கியம். பெரும்பாலும் விந்துக்காக ஆண் மீனைக் கொன்றுதான் அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்கிறார்கள்; அப்படிக் கிடைத்த குஞ்சுகளை வீணாக்கக் கூடாது. அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் அந்த இனத்துக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தியின் நாட்கணக்கை அப்படியே பொருத்தாமல், அதன் வயிறு எந்த நீளத்தில் முழுமை பெறுகிறது என்று தனியாகவே அளக்க வேண்டும்.