கான்கிரீட்டின் நூறாண்டைக் கணிக்கும் கணினி

இறுகிய கான்கிரீட் கல்லைப்போல அசையாமல் நிற்பதாகத் தோன்றினாலும், அதன் வடிவம் பல பத்தாண்டுகளுக்கு மாறிக்கொண்டே இருக்கும். சிமெண்டின் நுண்துளைகளிலிருந்து நீர் மெல்ல வெளியேறுவதால் அது சுருங்குகிறது. சுமை தொடர்ந்து நிலைத்திருந்தால், சுமை கூடாமலேயே மேலும் மேலும் அமுங்குகிறது; பொறியாளர்கள் இதை க்ரீப் என்கிறார்கள். சுமை ஏற்றிய அன்று ஏற்படும் அமுக்கத்தைப்போல 2, 3 மடங்கு பின்னால் சேர்வது சாதாரணம். சுருங்க முனையும் பகுதியைக் கம்பியோ பக்கத்துக் கான்கிரீட்டோ தடுத்தால் விரிசல் விழுகிறது.

சிறு கட்டடங்களில் இது பெரும்பாலும் கண்ணில் படாது. நீண்ட பாலங்களில் படும். 1910-களின் தொடக்கத்தில் பிரான்சில் யூஜின் ஃபிரெய்சினே கட்டிய லெ வெர்த்ர் பாலத்தின் வளைவுகள் தாழத் தொடங்கின. ஜாக்கிகளால் அவற்றைத் தூக்கி நிறுத்தினார். கான்கிரீட் குறுகும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் எஃகும் தளரும். எனவே எஃகை முன்கூட்டியே இழுத்துக் கட்டும் முன்தகைவு கான்கிரீட்டுக்கு மிக வலுவான எஃகே ஏற்றது என்ற முடிவுக்குப் பின்னர் அவர் வந்தார்.

இந்தத் தளர்வைக் குறைத்துக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான பலாவ் சான்று. கோரோர், பாபெல்டாப் தீவுகளை இணைத்து 1977-இல் கட்டப்பட்ட பாலத்தின் நடுக்கண் 241 மீட்டர். முன்தகைவு கான்கிரீட் பெட்டி உத்தரங்களில் அன்று உலகிலேயே நீளமானது. 18 ஆண்டுகளில் அதன் நடுப்பகுதி சுமார் 1.4 மீட்டர் தொய்ந்தது. எஃகின் இழுவிசையில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கூடுதல் வடங்கள் கட்டிச் சீரமைத்த 3 மாதங்களில், 1996 செப்டம்பர் 26 அன்று பாலம் இடிந்தது, இருவர் இறந்தனர். இடிந்ததன் உடனடிக் காரணம் குறித்துப் பல கருத்துகள் உண்டு. தொய்வுக்கு முக்கியக் காரணம் க்ரீப் என்பதில் ஐயமில்லை.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெனெக் பாஜன்ட் குழுவினர் பின்னர் இப்பாலத்தைக் கணினியில் மறுபடி உருவாக்கிப் பார்த்தனர். வழக்கமான விதிமுறைச் சூத்திரங்களைக் கொடுத்தால், மிக நுட்பமான முப்பரிமாணக் கணக்கும் உண்மைத் தொய்வில் பாதியை எட்டவே திணறியது. கணினி கூட்டல் கழித்தலில் பிசகவில்லை. அதற்குத் தந்த க்ரீப் விதியே தவறு. பழைய விதிகள் க்ரீப் சில ஆண்டுகளில் ஓர் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும் என்று கருதின. உண்மையில் அது காலத்தின் மடக்கையை ஒட்டி வளர்கிறது: முதலாம் ஆண்டிலிருந்து 10-ஆம் ஆண்டு வரை சேர்ந்த அதே அளவு, 10-இலிருந்து 100 வரையிலும் ஏறத்தாழச் சேரும்.

இன்னொரு சிக்கல் தடிமன். உலர்வதற்கான காலம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, 40 செ.மீ. பலகை உலர 10 செ.மீ. பலகையைவிட 16 மடங்கு காலம் ஆகும். பெட்டி உத்தரத்தில் மெல்லிய பலகை முதலில் சுருங்க, தடித்த பலகை பின்தங்குகிறது; உத்தரம் வளைகிறது. பாலம் முழுவதற்கும் ஒரே சராசரித் தடிமனை வைத்துக் கணக்கிட்டால் இது தெரியாமலே போகும்.

ஆகவே இன்றைய மாதிரிகள் பாலத்தை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஈரப்பதத்தையும் வயதையும் தகைவையும் தனித்தனியே கணிக்கின்றன. கால இடைவெளி முதலில் மணிகளாகவும் பின்னர் நாள்களாகவும், போகப்போக ஆண்டுகளாகவும் நீளும். ஒரு கூறு தன் மேல் வந்த சுமை வரலாறு முழுவதையும் சேமித்து வைக்க வேண்டியதில்லை. அதன் க்ரீப்பைக் குறிக்க, சுருள்வில்களும் தணிப்பிகளும் கோத்த கெல்வின் சங்கிலியின் தற்போதைய நிலை சில எண்களாக இருந்தால் போதும். விரிசலுக்கு, அது பரவும் பட்டையின் அகலத்தையும் முறிவு ஆற்றலையும் சேர்த்தே கணிக்க வேண்டும். இல்லையெனில் கூறுகளைச் சிறிதாக்கும்தோறும் விடை மாறும். 1983-இல் பாஜன்ட்டும் ஓ என்பவரும் முன்வைத்த விரிசல் பட்டை முறை இதைத் தீர்த்தது.

எனினும் பெரும்பாலான ஆய்வகச் சோதனைகள் சில ஆண்டுகளே நீடிப்பவை. பாலமோ 100 ஆண்டு நிற்க வேண்டியது. சிமெண்ட், ஜல்லி, ஈரப்பதம் எல்லாமே இடத்துக்கு இடம் வேறுபடும். அதனால் நல்ல கணிப்பு ஒற்றை எண்ணைத் தராமல், தொய்வு எந்த வரம்புகளுக்குள் இருக்கும் என்பதைத் தருகிறது. கட்டப் பயன்படும் அதே கலவையில் குறுகிய காலச் சோதனை செய்தும், திறந்த பாலத்தை ஆண்டுதோறும் அளந்தும் அந்த வரம்புகளைக் குறுக்கலாம். அளவு வரம்பைத் தாண்டினால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும்.