ஊர் ஆறும் வழி – 6: நினைவு கடைசியில் வரட்டும்

ருவாண்டாவில் 1994 ஏப்ரல் தொடங்கி சுமார் 100 நாட்களில், ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் துட்ஸி இனத்தவர். கொன்றவர்களில் பலர் கொல்லப்பட்டவர்களோடு ஒரே குன்றில் குடியிருந்த அண்டை அயலார். தப்பியவர்கள் சொந்தங்களை மட்டும் இழக்கவில்லை. பக்கத்து வீட்டை நம்பும் பழக்கமும் அவர்களிடமிருந்து போயிற்று.

படுகொலை வழக்குகளைத் தீர்க்கக் ‘கச்சாச்சா’ எனும் ஊர்மன்றங்கள் அமைக்கப்பட்டன. 2012-இல் அவை மூடப்பட்டபோது ஏறத்தாழ 19 லட்சம் வழக்குகள் முடிந்திருந்தன. தண்டனை கழிந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். கணவனைப் பறிகொடுத்தவளும் அவனைக் கொன்றவனும் ஒரே தண்ணீர்த்துறைக்குப் போகவேண்டியிருந்தது. அவர்கள் சேர்ந்து வாழும் வழியைக் கண்டுபிடிக்கும் வேலை மன்றத் தீர்ப்போடு முடியவில்லை.

அந்த வேலையைச் சமூக அடிப்படையிலான குழுச் சிகிச்சை ஏற்றது. இது 2005-இல் நாட்டின் வடக்கே, ஆங்கிலிக்கன் திருச்சபையின் பியும்பா திருமண்டலத்தில் தொடங்கியது. நெதர்லாந்தில் அகதிகளுக்கான சிகிச்சையில் பழகிய முறையைச் சிகிச்சையாளர் கோரா டெக்கர் இங்கே கொண்டுவந்தார். 2008-இல் அது படுகொலையின் வடு ஆழமாக இருந்த நியமாட்டா பகுதிக்கும் பரவியது. ‘ம்வுரா ந்குவுரே’ என்று மக்கள் இதை அழைக்கிறார்கள்: என்னை நீ குணமாக்கு, உன்னை நான் குணமாக்குகிறேன்.

ஒரு குழுவில் 10 முதல் 15 பேர். வாரம் ஒருமுறை, சுமார் மூன்று மணி நேரம், 15 வாரங்கள் கூடுகிறார்கள். வழிநடத்தும் இருவரும் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே. தப்பிப் பிழைத்தவர், சிறை மீண்டவர், கைதியின் மனைவி, விதவை, நாடு திரும்பிய அகதி ஆகியோர் ஒரே வட்டத்தில் அமர்கிறார்கள்.

பாதுகாப்பு, நம்பிக்கை, பரிவு, மதிப்பு, வாழ்வுக்கான புதிய நெறிகள், நினைவு என ஆறு கட்டங்களாகக் குழு நகர்கிறது. இந்த வரிசையில்தான் முறையின் உயிர் இருக்கிறது. பழைய சம்பவத்தைச் சொல் என்று முதல் நாளே யாரையும் கேட்பதில்லை. பயம் தணியாத இடத்தில் நினைவைக் கிளறினால் புண் மறுபடி திறக்கும். நினைவு கிளர்ந்து மூச்சு முட்டும் கலக்கத்துக்கு ‘இஹஹமுகா’ என்றொரு தனிச்சொல்லே அங்கு வழங்குகிறது. ஆகவே முதலில் குழுவுக்கான விதிகளை உறுப்பினர்களே வகுக்கிறார்கள். விளையாட்டுகள், சிறு பயிற்சிகள் வழியாகப் பேச்சு துளிர்க்கிறது. நிலத் தகராறு, வீட்டுச் சண்டை, வறுமை போன்ற இன்றைய தொல்லைகள் முதலில் பேசப்படுகின்றன. அவற்றில் ஒருவர் சொல்லை மற்றவர் பொறுமையாகக் கேட்கப் பழகிய பிறகே 1994 பேச்சில் வருகிறது. மன்னிப்பு யார்மீதும் சுமத்தப்படுவதில்லை. கேட்பதும் கொடுப்பதும் அவரவர் விருப்பம்.

இதன் பலனை அளந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. குழுவில் சேர்ந்த 100 பேரும் சேராத 100 பேரும் ஒப்பிடப்பட்டார்கள். சேர்ந்தவர்களின் மனநலம் கூடுதலாகத் தேறியது. எட்டு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. இரு தரப்பும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதால் இதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது.

மனநல மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள ஒரு நாட்டில், ஆசிரியரும் விவசாயியும் கற்று நடத்தக்கூடியது இந்தச் சிகிச்சை. பதினைந்தாவது வாரத்தோடு கூட்டம் முடிந்தாலும், பல குழுக்கள் சேமிப்புச் சங்கமாகவும் கூட்டு விவசாயமாகவும் தொடர்கின்றன.