நோன்பின் எல்லை

எத்துணைக் காலம் உணவை ஒறுக்கின்றோமோ அத்துணைப் பயன் விளையும் என்பது விரதம் பற்றிப் பலர் கொண்டுள்ள எண்ணம். கந்தசஷ்டியின் ஆறு நாளும் நீர் மட்டும் அருந்தியிருப்போர் சைவரிடையே உளர். இஸ்லாமியரின் றமழான் நோன்போ வேறொரு நெறியில் அமைந்தது. அதனைத் தொடங்குதல் எவ்வளவு கடமையோ, உரிய பொழுதில் முடித்தலும் அவ்வளவு கடமையாம்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், இந்நோன்பு விதிக்கப்பட்டது. வைகறை வெளுப்புத் தோன்றியது முதல் கதிரவன் மறையும்வரை உணவும் நீரும் இல்லற இன்பமும் விலக்கப்படும். வைகறைக்கு முன் உண்ணும் ஸஹர் உணவைக் கைவிடுதல் சிறப்பன்று, உண்பதே நபிவழி. கதிரவன் மறைந்தபின் நோன்பு திறத்தலைத் தாழ்த்துவதும் விரும்பப்படுவதில்லை. இரவும் உண்ணாது நாளோடு நாளை இணைத்து நோற்பதை நபிகள் நாயகம் தடுத்தார். பெருநாளன்று நோற்றலோ முற்றாக விலக்கப்பட்டது. இலங்கை முஸ்லிம்கள் ‘நோன்பு பிடித்தல்’, ‘நோன்பு திறத்தல்’ என வழங்கும் தொடர்களிலேயே இவ்விரு எல்லைகளும் அடங்கியுள்ளன. நோன்பு என்பதும் பொறுத்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லே.

ஆயின், கதிரவன் மறைந்ததை அறிவது எங்ஙனம்? கடற்கரையில் எளிது, மலைநாட்டில் அவ்வாறன்று. கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் பெருந்தெருவில், கடுகண்ணாவைக் கணவாய்க்கு இப்பால், குன்றுகள் சூழ அமைந்த ஊர் பிலிமத்தலாவை. குன்றுக்குப் பின் கதிரவன் ஒளிந்தவுடன் பள்ளத்தில் நிழல் படரும். அந்நிழல் அஸ்தமனமாகாது. குன்றின் முடியிலிருந்து ஒளி நீங்கிக் கீழ்வானில் இருள் எழவேண்டும் என்பது இலங்கையில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாபிஈ நெறியினர் கூறும் விடை. இன்று கடிகாரமும் நேர அட்டவணையும் உதவுகின்றன. அவற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. இவ்வூர் கொழும்புக்கு 0.7 பாகையளவு கிழக்கே இருத்தலின், கணக்கின்படி அஸ்தமனம் ஏறத்தாழ 3 நிமிடம் முந்தும். பகல் முழுதும் நீரருந்தாது, கையிற் பேரீத்தம்பழத்துடன் காத்திருப்பவனுக்கு அது சிறுபொழுதன்று.

இந்துக்களின் சந்திர மாதக் கணக்கில் அதிக மாதம் சேர்க்கப்படுதலால் விரதங்கள் தத்தம் பருவத்தை விட்டு விலகுவதில்லை. ஹிஜ்ரி ஆண்டிற்கு நாட்கள் 354 அல்லது 355. அதிக மாதம் இல்லை. ஆகவே றமழான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். 1997இல் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இருமுறை றமழான் தொடங்கியது. இங்கிலாந்தில் கோடைகால நோன்பு 18 மணி நேரமளவும் நீளும். நிலநடுக்கோட்டிற்கு அணித்தான இலங்கையிலோ எப்பருவத்தும் 13 முதல் 14 மணி நேரத்துள் அடங்கும்.

காலத்திற்கு எல்லை வகுத்த இந்நெறி, உடலின் ஆற்றலுக்கும் எல்லை வகுத்தது. நோயாளரும் பயணிகளும் விடுத்த நாட்களைப் பின்னர் நோற்கலாம். கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் சலுகை உண்டு. உயிருக்கு ஊறு நேருமென அறிந்தும் பிடிவாதமாய் நோற்பது புண்ணியமன்று, குற்றம். நீரிழிவுடையோர் மருத்துவரைக் கேட்டே துணிதல் வேண்டும். நோற்க இயலாத முதியோர் நாளொன்றுக்கு ஒரு முத்து என்னும் அளவு அரிசியை ஏழை ஒருவருக்கு அளித்தால் அவர்தம் கடமை நிறைவேறும்.